ராங்கிக்குப் போட்ட தையல்

வாலைத் தூக்கிப் பார்க்காமல் எந்தக் குதிரைக்கும் அவர் காலை வணக்கம் சொல்வதில்லை. லாயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாகப் போவார். இடது கையில் வால், வலது கையில் டார்ச், ஒரு பார்வை, ஒரு முகர்தல், பிறகு புட்டத்தில் ஒரு தட்டு. “நீ நல்லாருக்க, போ. நீயும் போ. உனக்கு என்னடி, மூஞ்சே சரியில்ல?” என்பார். மூஞ்சி என்று அவர் சொல்வது பின்பக்கத்தைத்தான்.

பந்தயக் குதிரைகளை வளர்த்து விற்கும் பண்ணையில் பெட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மா அவர். பதினேழு வருட சர்வீஸ். ஆள் குள்ளம். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றுதான் தோள்வரைக்கும் கையுறை மாட்டிய கையைக் குதிரைக்குள் விடுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே கை எதையோ தேட, வாய் பத்திரிகைக்கு எழுத வந்திருந்த என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்.

“சினைப்பை கெடச்சிருச்சு. அவரைக்கொட்டை மாதிரி உள்பக்கம் வளைஞ்சிருக்கும். அந்த வளைவுல ஒரு குழி. அது வழியாத்தான் முட்டை வெளிய வரும். பசுன்னா எங்க வேணா வெடிச்சு வரும். இவளுக்கு ஒரே வாசல். எழுதிக்கிட்டீங்களா?”

எழுதிக்கொண்டேன். யோனி, கருப்பை, ஆசனவாய் என்று எல்லாவற்றையும் அவர் உரக்கத்தான் சொல்வார். மேனேஜர் “அந்த இடம்” என்று சொன்னால் டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “எந்த இடம் சார்? பேரு வெச்சிருக்காங்கல்ல, சொல்லுங்க.” மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். எதிர்முனையில் யாரும் இருப்பதில்லை என்று லாயத்தைக் கவனிக்கும் குதிரைக்காரர் என்னிடம் சொன்னார்.

வீட்டில் கதை வேறு. மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் மாமியார் “ஏதோ ஆபீஸ்” என்று சொல்லி வைத்திருக்கிறார். மகளுடைய பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் ‘டாக்டர்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, வகுப்பாசிரியை முட்டிவலிக்கு மாத்திரை கேட்டிருக்கிறார். “குதிரை டோஸ் குடுக்கட்டுமான்னு கேட்டேன். அதுக்கப்புறம் எம்பொண்ணுக்கு மார்க் ஏறவே இல்ல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருடைய சிரிப்பு கண்வரை போய்ச் சேர்வதில்லை என்பதை இரண்டாம் நாளே கவனித்துவிட்டேன்.

மருந்து அலமாரியைத் திறந்தால் காரணம் கண்ணில் படும். கதவின் உள்பக்கம் ஒரு கடிதத்தை ஒட்டி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன்னால் மேனேஜர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம். ‘மருத்துவரின் கவனக்குறைவால் மேற்படி குதிரைக்கு அந்த இடத்தில் காயம் ஏற்பட்டது’ என்று இருக்கிறது. கடிதத்திலும் அந்த இடம்தான். தினமும் கையுறை எடுக்கும்போது அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். “மறந்துட்டேன்னா மன்னிச்சிருவேன். அதான்” என்றார்.

நடந்தது இதுதான். நாலைந்து குட்டி போட்ட பெட்டைக்கு வயிறு சரிந்து, ஆசனவாய் உள்வாங்கிவிடும். அதற்குக் கீழே நேராக நிற்க வேண்டிய யோனியின் மேல்பாதி பரண்போலச் சாய்ந்துவிடும். சாணம் அதில் விழும், காற்றும் உள்ளே போகும், கருப்பை கெடும். அதனால் சினை உறுதியானதும் இரண்டு உதடுகளின் மேல்பகுதியைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். சினையில்லாத குதிரைக்கு இந்தப் பண்ணையில் தையல் கிடையாது. குட்டி போடும் சமயத்தில் ஞாபகமாகப் பிரித்துவிட வேண்டும். பிரிக்க மறந்தால், வெளியே வரும் குட்டி தாயைக் கிழித்துக்கொண்டுதான் வரும்.

தைத்த விவரம் ஆபீஸ் பதிவேட்டில் இருக்கும். ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். எனவே தைத்த குதிரையின் வால்முடியில் ஒரு சிவப்பு நூல் கட்டும் வழக்கத்தை டாக்டரம்மா கொண்டுவந்தார். ஒரு தடவை அவர் இரண்டு நாள் லீவில் இருந்தபோது, குதிரை வாங்குகிறவர்கள் படம் எடுக்க வந்தார்கள். “வாலெல்லாம் ஏன் நூலும் கயிறுமா, பரட்டையா இருக்கு?” என்று மேனேஜர் எல்லா நூலையும் கத்தரிக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் ஞாயிறு. ராங்கி நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னாலேயே குட்டி போட நின்றது.

ராங்கி என்பது குதிரைக்காரர் வைத்த பெயர். யாரையும் மதிக்காது, அதனால் ராங்கி. அன்றைக்குக் காவலில் இருந்தவரும் அவர்தான். “வாலத் தூக்கிப் பாத்தேங்க. நூலு இல்ல. கத்தரிச்சது எனக்குத் தெரியாது. சரி, வழி தெறந்திருக்குன்னு நெனச்சேன். வாலத்தான் பாத்தேன், அதுக்குக் கீழ பாக்கல” என்று என்னிடம் சொன்னார். யோனியும் ஆசனவாயும் கிழிந்து ஒன்றாகிவிட்டன. டாக்டரம்மா ஓடி வந்து, பிறகு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு அறுவை செய்து மீட்டார். அந்தக் குட்டி இரண்டு கோப்பை வாங்கியது. அதன் படம் மேனேஜர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. தாயின் பெயர் லாரிப் பட்டியலில் இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை, சினை பிடிக்காத பெட்டைகளை ஏற்ற ஒரு லாரி வரும். வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறான். இந்தத் தடவை பட்டியலில் மூன்று பெயர். ராங்கி இரண்டு வருடமாகச் சும்மா நிற்பதால் அதன் பெயர்தான் முதலில். இந்த முறை சினை என்றால் பெயரை அடித்துவிடுகிறேன் என்று மேனேஜர் பெரிய மனது பண்ணியிருக்கிறார்.

நான் போன மூன்றாம் நாள்தான் ஸ்கேன். ராங்கியை இரும்புக் கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். குதிரைக்காரர் வாலைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் பத்தடி தள்ளி வாசலில், முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நின்றார். அதற்குமுன் இரண்டு குதிரைகளுக்குப் பார்த்ததில் திரையை எப்படிப் படிப்பது என்று எனக்கே தெரிந்திருந்தது. கருப்பை சாம்பல் நிறத்தில் தெரியும். சினை என்றால் அதற்குள் நாவல்பழம் அளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

டாக்டரம்மா பக்கெட்மேல் ஏறினார். இந்தமுறை கண்ணை மூடவில்லை. கருப்பையின் இடது கொம்பு, சாம்பல். வலது கொம்பு, சாம்பல். திரும்ப இடது. திரும்ப வலது. நடுப்பகுதி. குதிரைக்காரர் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“என்ன மேடம், உண்டா இல்லையா?” வாசலிலிருந்து குரல்.

“இருங்க சார், அவசரப்பட்டா தெரியுமா?” என்றவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தணிந்த குரலில் என்னைக் கேட்டார். “எழுத்தாளரே, உங்க பத்திரிகை எப்ப வெளிய வரும்?”

“இன்னும் ரெண்டு மாசம் ஆகும்.”

“லாரி வெள்ளிக்கிழமை.” வெளியே இருந்த கையின் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வருவா. ரெண்டு மாசத்துல இன்னும் ரெண்டு தடவை சினைக்கு விட்டுப் பாக்கலாம். பிரிக்கிறதும் தைக்கிறதும் நம்ம கைதானே.”

கையை வெளியே எடுத்தார். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். திரையை அணைத்தார்.

“அண்ணே, மரப்பு ஊசி எடுங்க. தையல் ஊசியும்.”

மேனேஜருக்கு அந்த இரண்டு வார்த்தையே போதுமாக இருந்தது. “அட! அப்ப பேரை அடிச்சிரலாமா?” என்றார்.

“யோனியில தையல் போடப்போறேன் சார். கிட்ட வந்து பாருங்களேன்.”

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றுமில்லாத வயிற்றுக்கு அவர் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு நெருக்கமாகத் தைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசி முடிச்சுப் போட்டு நூலை வெட்டியதும், குதிரைக்காரர் யாரும் கேட்காமலே சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சிவப்பு நூலை எடுத்தார். டாக்டரம்மா அதை வாங்கி, வாலின் அடிமுடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சாக மூன்று போட்டு, வாசலைப் பார்த்தபடியே ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தார்.