நாளை திறக்கும் பெட்டகமும் ஒரு சம்பந்தமும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகளுக்குப் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் தோட்டத்தை விற்காமலேயே திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் போட்டவர். ஜாதகம் பொருந்திற்று. மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அவள், மணமான பின்னும் படிப்பை முடிக்க வேண்டும் என்றாள். அதற்குத்தான் பதில் வரவில்லை. எங்கள் சீமையில் எவரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை, "பேசிக்கலாமுங்க" என்பார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் இருமுறை அவ்வாறு சொல்லியிருந்தார்.

முடிவு சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். மாலை ராகு காலம் கழியாமல் நல்ல காரியம் பேசலாகாது என்பது அவருடைய கொள்கை. அதுவரை எதிரெதிரே அமர்ந்து எதைப் பேசுவது என்று இருவருக்கும் விளங்காமையால் மேட்னி காட்சிக்குச் சென்றோம். ஓடியது ஆங்கிலப் படம். நான் எட்டாம் வகுப்புடன் நின்றவன். எனினும் அகராதியைத் துணைக்கொண்டு ஆங்கிலம் கற்றவன் என்று பனியன் கம்பெனிகளில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆகவே பொருள் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

நான் திரட்டிய கதை இது: ஒரு வங்கியின் பெட்டகம் நாளைக்குத்தான் திறக்கும். திருடர்கள் ஒரு யந்திரத்தில் ஏறி நாளைக்குச் சென்று, உள்ளதை எடுத்துக்கொண்டு இன்றைக்கே திரும்ப வேண்டும்.

"ஏனுங்க, நாளைக்கு எடுத்ததை இன்னைக்கே கொண்டாந்துட்டா, நாளைக்குப் பொட்டியைத் தொறக்கறப்ப உள்ளார என்னங்க இருக்கும்?" என்று அவர் கேட்டார்.

"அதைத்தானுங்க படம் சொல்லப் போகுது."

படம் சொல்லவில்லை. திருடர்கள் முதலில் சிறையில் இருந்தார்கள். பிறகு திட்டம் தீட்டினார்கள். குண்டடிபட்டு இறந்த தலைவன் சற்று நேரத்தில் அமர்ந்து முட்டை தின்றான். பின்வரிசையில் தெற்கத்தித் தொழிலாளி ஒருவர், "ஏலே, செத்தவன் முட்டை திங்கான் பாரு! நம்ம கம்பெனிலயும் இப்படித்தாம்லே, செத்தாலும் ஓவர்டைமுக்கு எழுப்பிருவானுவ!" என்று கூவினார். கொட்டகை முழுவதும் சிரித்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் சிரிக்கவில்லை. "இது எப்படீங்க?" என்றார்.

நான் விளக்கினேன். காலம் நேராக ஓடுவதன்று; மெஷினிலிருந்து துணி சுற்றிச் சுற்றி இறங்குவதுபோல் அதுவும் குழாயாகவே இறங்குகிறது; வெட்டி விரித்தால்தான் தொடக்கமும் முடிவும் தனித்தனி ஓரங்களாகின்றன. நல்ல விளக்கம் என்றே இன்றும் கருதுகிறேன். அவர் மெஷின்காரர் ஆகையால் உடனே பற்றிக்கொண்டார். முன்வரிசைக்காரரைத் தட்டி அவருக்கும் எடுத்துரைத்தார். அவர் தம் பக்கத்தவருக்கு உரைத்தார். இடைவேளைக்குப் பின் எங்கள் பகுதியில் எவருக்கும் ஐயம் இல்லை. படத்தின் பெயர் கடைசியில் வந்தபோதும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. மேனேஜர் திரைக்கு முன் வந்து கைகூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க. ரீலுக நூல் பொட்டில வந்துதுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு சாக்பீஸ்ல எழுதியிருந்தாங்க. நம்ம ஆபரேட்டரு முன்ன நிட்டிங்கில இருந்தவரு. நூல் லாட் மாத்தி ஓட்டுனாத் துணியில பட்டை வுழுகுமேன்னு, சாக்பீஸ் நம்பரை வுட்டுப்போட்டு, பொட்டியில மில்லுக்காரங்க அச்சடிச்ச நூல் லாட் நம்பரைப் பாத்து வரிசையா ஓட்டிப்போட்டாருங்க. இதே டிக்கெட்டுல அடுத்த ஆட்டம் பாத்துக்கலாமுங்க."

முன்வரிசைக்காரர் திரும்பி, என்னை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்தார்.

"கொழாயிங்களா?" என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். நானும் பின்தொடர்ந்தேன். என்னை நம்பிப் பேசியவரைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்தாயிற்று. மகளிடம் என்ன சொல்வது என்று சொற்களைத் தேடியபடியே தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் கழிந்திருந்தது.

"நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"

"எட்டோட நின்னுட்டனுங்க."

"நானு அஞ்சு. புள்ள படிப்பை முடிக்கட்டுமுங்க. பாதியில நின்னா என்னாகும்னு மத்தியானம் பூரா பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டனுங்க, சம்பந்தி."

அவர் என்னைச் சம்பந்தி என்று அழைத்தது அதுவே முதல் முறை. மற்றதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.