பேர் மாறாத ஸ்கூட்டர்

பழைய வண்டி வியாபாரத்துல வித்தவனுக்குப் பணம் வந்தா போதும், வாங்கினவனுக்குச் சாவி வந்தா போதும், ஆர்.சி. புத்தகத்துல பேர்னு ஒண்ணு இருக்கே, அது ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிர்ல டேபிள் போட்டுக் குந்திக்கினு இருந்த என்னை மாதிரி புரோக்கருக்கு மட்டும் வந்த தலைவலி. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி அவதிப்பட்ட மகாஜனங்களே, உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகள்ல ஒரே ஒரு நீல ஸ்கூட்டர் என்னைப் படுத்தின பாட்டைக் கேளுங்க.

கையெழுத்துப் போட்டாச்சு

வித்தவர் சுந்தரம் சார். திருநெல்வேலிக்காரர், ஆவடியில ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்ல குடியிருப்பு. வாங்கினவர் பக்கத்து ஊர் கோவில்பதாகை ஏகாம்பரம், நாலு மாடு வெச்சுப் பால் ஊத்தறவர். பேர் மாத்தற ஃபாரம் ரெண்டையும் நிரப்பாமலே சார்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிட்டு, "நிம்மதியாப் போங்க சார், இனிமே இந்த வண்டியால உங்களுக்கு ஒரு தொல்லையும் வராது"ன்னு நான்தான் சொன்னேன். என் வாயில வசம்பை வெச்சுத் தேய்க்கணும்.

சார் அந்தாண்ட போனதும் ஃபாரத்தை நிரப்பலாம்னு பேனாவைத் தொறந்தேன். ஏகாம்பரம் ரெண்டையும் புடுங்கி மடிச்சு சீட்டுக்கு அடியில சொருவிட்டாரு. "பேரா வண்டி ஓட்டப் போவுது? அது பாட்டுக்குக் கெடக்கட்டும் அண்ணாத்தே!"

ஆடி முதல் தை வரை

ஏகாம்பரம் ஒரு வருஷம் பால் கேனை மாட்டி ஓட்டிட்டு, காட்டுப்பாக்கம் டைலர் ஒருத்தர்கிட்ட வண்டியைத் தள்ளிட்டாரு. டைலர் யோக்கியர். ஃபாரத்தை எடுத்துக்கினு தானாவே வந்தாரு. வந்தது ஆடி மாசம். "ஆடியில எதையும் நம்ம பேர்ல ஏத்தக் கூடாது"ன்னு திரும்பிப் போனாரு. அப்புறம் தீபாவளித் துணி குவிஞ்சு கெடக்குன்னாரு. அப்புறம் மார்கழி ஆகாதுன்னாரு. ஃபாரத்தோட சேர்த்துக் குடுக்கணுமேன்னு சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சு நான் எடுத்து வெச்ச பிரிண்ட் பழுப்பேறினதுதான் மிச்சம்.

தை மாசம் மனுஷன் நடந்தே வந்தாரு. வண்டியைக் காணோம். "தை பொறந்ததும் மாத்திக்கலாம்னுதான் இருந்தேன்பா, மார்கழியிலேயே நல்ல வெலைக்குக் கேட்டாங்க, குடுத்துட்டேன்!"

கடைக்குள்ள போன வண்டி

மூணாவதா வாங்கினவன் கரையான்சாவடியில ஒரு பரோட்டா மாஸ்டர். பிரேக் புடிக்காம ஒரு பேக்கரியோட கண்ணாடி அலமாரிக்குள்ள வண்டியை விட்டுட்டு, சாவியைக் கூட எடுக்காம ஓடிட்டான். போலீஸ் நம்பரைப் பார்த்தது, பேரைப் பார்த்தது, நேரா சுந்தரம் சார் வீட்டுக் கதவைத் தட்டிடுச்சு.

சாருக்கு அந்த மாசம்தான் பிரமோஷன். கேஸ்னு ஒண்ணு பதிவாச்சுன்னா லிஸ்ட்டுல இருந்து பேரைத் தூக்கிடுவாங்க. ஏழு வருஷம் காத்துக்கினு இருந்த மனுஷன், என் டேபிளைத் தட்டின தட்டுல ஸ்டாம்ப் பேடு எகிறிப் போய் விழுந்துச்சு. தப்பு என்னுதாச்சே, குனிஞ்சு அதைப் பொறுக்கிக்கினே சார் திட்டினதைக் கேட்டுக்கினேன். "நான் பஸ்ல தொங்கிக்கிட்டு வேலைக்குப் போறேன், என் ஸ்கூட்டரு கேக்கு திங்கப் போயிருக்காம்லா!"

யார் பேருக்கு?

மறுநாள் டைலரைக் கேட்டு, பரோட்டா மாஸ்டரைத் தேடிப் புடிச்சோம். "பேப்பர்ல யார் பேரு கீதோ அவங்களைக் கேளு, எனக்கு இன்னா தெரியும்?"னு மாவைத் தட்ட ஆரம்பிச்சிட்டான். நல்லவேளை, பேக்கரிக்காரர் தங்கமான ஆளு. கண்ணாடியை மாத்திக் குடுத்தா புகாரே வேணாம்னுட்டாரு. சார் பாதி, நான் பாதி போட்டு மாத்திக் குடுத்தோம். கேஸ் இல்லாமப் போச்சு, பிரமோஷனும் தப்பிச்சுது. ஆர்.சி.யில பேர் இருக்கிறவர்கிட்டதான் வண்டியை விடுவோம்னு ஸ்டேஷன்ல சொன்னதால, சாரே கையெழுத்துப் போட்டு சாவியை வாங்கினாரு.

பழக்க தோஷம், சும்மா இருக்க முடியுதா? "பேர் மாத்தறதுன்னா சொல்லுங்க சார், இந்தத் தடவை நானே கூட இருந்து முடிச்சுத் தரேன்"னேன். சார் வண்டியை உதைச்சுக் கெளப்பிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. "யார் பேருக்குடே மாத்துவ? எம் பேர்லேருந்து எம் பேருக்கா?"

பதினஞ்சு வருஷ புரோக்கர் வேலையில பேப்பரும் ஆளும் அச்சு அசலாப் பொருந்திப்போன ஒரே வண்டி அதுதான், அதுக்கும் நான் ஒரு வேலையும் செய்யலை.