நானா வைத்த கையெழுத்து

கொட்டாஞ்சேனையில் என் அறைக்குக் கீழே தையற்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணரை நானா என்றுதான் கூப்பிடுவேன். பிழையாக விழுந்த தையலைத் தைத்தவரையே பிரிக்க வைப்பார்.

“எங்கட பாவத்துக்காக இயேசு உயிரை விட்டவர், நானா” என்றேன் ஒருநாள்.

“ஒருத்தர்ட பாவத்த இன்னொருத்தர் சுமக்க ஏலா, தம்பி. செஞ்சவர் அழுது கேட்டா அல்லாஹ் மன்னிப்பான். நடுவுல எதுக்கு அவர மாதிரி ஒரு நபிட ரத்தம்?”

அந்த வாரமே தமிழ் இளைஞர்களைத் தேடிப் பொலிசார் நடத்திய சுற்றிவளைப்பில் என்னையும் பிடித்தார்கள். கழுத்தில் அளவு நாடாவோடே பொலிசுக்கு ஓடிவந்த நானா, நான் என்ன செய்தாலும் அதற்குத் தாமே பொறுப்பு என்று கையெழுத்து வைத்து மீட்டார்.

“இப்ப என்ர பாரத்தைச் சுமந்தனீங்கள்தானே?” என்றேன்.

“நீங்க பிழை செஞ்சா அடி எனக்கும் விழும். ஆனா பாவம் ஒங்கடதான். எண்ட அடியால அது கழுவுப்படாது.”

இன்றும் சிலுவையின் முன் முழந்தாளிடுகிறேன். அந்தக் கையெழுத்துத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.