மூன்று மாதம் என்றாள் மகள்

இந்த நாட்டில் என்னைவிடச் சுத்தம் தெரிந்த தமிழன் இருந்தால் என் முன்னால் வந்து நிற்கட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜேர்மனியில், டோர்ட்முண்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த டொச் சொற்கள் இரண்டு. முதலில் ஓர் உணவகத்தின் பின்குசினியில் சட்டி கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரித் தரை. பிறகு சத்திரசிகிச்சை அறை. அந்த அறையைத் துடைக்க எல்லோரையும் விடமாட்டார்கள், என்னை விட்டார்கள். பத்து வருடத்தில் சொந்தத் துப்புரவுக் கொம்பனி தொடங்கினேன். நாற்பது பேர் எனக்குக் கீழே வேலை செய்தார்கள். சிவப்புத் துணி கழிவறைக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, நீலம் மேசை கதிரைக்கு. சிவப்புத் துணியால் மேசையைத் துடைத்த ஒரு பட்டதாரியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் வீட்டில் ஒரு பாம்புக்கு நோய் வந்தது. அழுக்கு வீட்டில்தான் நோய் வரும் என்று ஆட்கள் கதைக்கிறார்கள். என் வீட்டில் அழுக்கு இல்லை. நடந்தது வேறு. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

பாம்பு என் மகளுடையது. ஆபிரிக்க மலைப்பாம்பு வகை, ஆனால் சின்னது, கையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. கபில நிறம். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். விஷம் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பகுதிநேர வேலை செய்து தானே வாங்கினாள். என் மனைவி மூன்று நாள் அழுதாள். பிறகு அந்த அறைக் கதவை மூடிவைத்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

மகள் டாக்டராக வருவாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவள் மிருக வைத்தியரிடம் உதவியாளராக வேலை பழகப் போனாள். வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் யாரோ கேட்டார்கள், மகள் என்ன படிக்கிறாள் என்று. "வைத்தியர் நாய்க்கு ஊசி போடுவார், என்ர மகள் நாயின்ர வாயைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள்" என்றேன். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் எனக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அப்போது நான் அப்படித்தான்.

அடுத்த மாதம் ஆஹென் நகரத்துக்கு வேலை எடுத்துப் போய்விட்டாள். அங்கே வீட்டுக்காரர் மிருகம் வளர்க்க விடவில்லை. பாம்பு என்னிடம் நின்றது. ஆறு வருடமாக அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தாயோடு நினைத்த நாளெல்லாம் கதைப்பாள். என்னோடு ஞாயிறு பத்து மணிக்கு மட்டும், பாம்பைப் பற்றி மட்டும். சாப்பிட்டதா, தோல் கழற்றியதா, பெட்டியின் சூடு எவ்வளவு. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் பாம்பின் எடையை ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். என் சொந்தப் பிள்ளையின் குரலைக் கேட்க எனக்கு ஒரு பாம்பு தேவைப்பட்டது. இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

போன மாரிக் குளிரில் அவள் சொன்னாள், புதிய வீடு எடுத்திருக்கிறேன், மிருகம் வைக்கலாம், பாம்பை வந்து எடுக்கிறேன் என்று. நான் நல்லது என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், பாம்பு போனால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

அடுத்த கிழமையே ஊர்வன விற்கும் சந்தைக்குப் போனேன். பெரிய மண்டபம், மேசை மேசையாகப் பிளாஸ்ரிக் டப்பாக்களில் பாம்பும் பல்லியும். மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒன்றை வாங்கினேன். அதே இனம். சின்ன வயதில் அவள் படத்தைக் காட்டி ஆசைப்பட்ட நிறம். ஞாயிறு வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவள் சந்தோசப்படவில்லை.

"எந்த அறையில வைச்சிருக்கிறியள்?"

"இன்னும் பெட்டியிலதான். பக்கத்தில வைக்கலாமெண்டு..."

"ஏலாது அப்பா! வேற அறையில வையுங்கோ, இப்பவே. இந்தப் பாம்புகளுக்குச் சுவாசப்பையில வாற ஒரு வைரஸ் இருக்கு. மருந்தில்லை."

"உதுக்கு ஒரு வருத்தமும் இல்லை பிள்ளை. கண் பளிச்செண்டு இருக்கு. வந்தவுடன எலியும் விழுங்கினது."

"நல்லா இருக்கிற பாம்பும் காவிக்கொண்டு திரியும். மாதக்கணக்கா ஒண்டும் தெரியாது. மூண்டு மாதம் தனிய வைக்கோணும். கடைசியில வாயில பஞ்சு போட்டெடுத்து லாபுக்கு அனுப்போணும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் பழைய பாம்பைக் கவனிக்க வேண்டும், பிறகு புதியதை. ஒருநாளும் மாற்றிச் செய்யக் கூடாது. இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம், துணி எல்லாம் இரண்டிரண்டு. புதியதன் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றக் கூடாது. கையைக் கழுவ வேண்டும், போட்டிருக்கும் சேட்டையும் மாற்ற வேண்டும்.

"ஆருக்குப் பிள்ளை சொல்லுறாய்? ஒப்பரேசன் அறை துடைச்சவனுக்கோ?" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு என் கதைக்குச் சிரித்தாள். "சரியப்பா. லாப் ரிசல்ட் நல்லா வந்தால் நான் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போறன். ரெண்டையும் பாத்து, என்ரயைக் கொண்டுபோறன்."

வெள்ளி வந்து ஞாயிறு போவது என்றால் இரண்டு இரவு. மனைவி அன்றைக்கே அவளுடைய கட்டில் மெத்தையை வெயிலில் போட்டாள். அது மாரிகாலம், வெயில் என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் போட்டாள்.

நான் செய்த வேலையை எந்த ஆஸ்பத்திரியும் வந்து பார்த்திருக்கலாம். புதிய பாம்பை மாடியில், பொருட்கள் போட்டு வைக்கும் அறையில் வைத்தேன். அதற்குச் சிவப்புத் துணி, பழையதற்கு நீலம். இடுக்கிகளுக்கும் அதே நிறத்தில் நாடா சுற்றினேன். கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைக்கிறவன் வேலை தெரியாதவன். அது ஈரமாக நின்று வேலை செய்ய வேண்டும், பிறகு தண்ணீரால் துடைத்துக் காயவிட வேண்டும், மணம் போகும்வரை பாம்பை உள்ளே விடக் கூடாது. எல்லாம் செய்தேன். மாடி அறைக்கென்று தனிச் சேட்டு, தனிச் செருப்பு. ஒன்பது கிழமை, அறுபத்து மூன்று நாள், ஒருநாள் பிசகவில்லை.

ஒன்பதாம் கிழமைக் கடைசியில் மனைவியின் தங்கையும் புருசனும் வந்தார்கள். கையில் பித்தளைத் தாம்பாளம், பால், மஞ்சள், பூ. அவர்களுடைய மகளுக்கு முப்பத்துநாலு வயது, கலியாணம் சரிவரவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் சாத்திரியார் போனில் குறிப்புப் பார்த்து, நாகதோசம், இணைப் பாம்புக்குப் பால் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜேர்மனியில் இணைப் பாம்புக்கு எங்கே போவது? என் வீட்டுக்கு வந்தார்கள்.

"பாம்பு பால் குடிக்காது" என்றேன்.

"குடிக்கத் தேவையில்லை அத்தான். வைச்சால் காணும்" என்றாள் தங்கை.

"வைக்கிறதெண்டால் தனித்தனியா வையுங்கோ. முதல் கீழ, பிறகு மேல."

அவள் முகம் மாறிவிட்டது. "பிரிச்சு வைச்ச பாம்புக்குப் பால் வைச்சால் என்ர பிள்ளையும் பிரிஞ்சுதானே நிப்பாள்? ஒரு தாம்பாளத்தில ரெண்டையும் விடுங்கோ. அஞ்சு நிமிசம்."

நான் மறுத்தேன். மகள் சொன்னதை எல்லாம் சொன்னேன். வைரஸ், சேட்டு, மூன்று மாதம். சகலன் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, நாப்பது பேரை மேய்ச்ச மனுசன் நீங்கள். இப்ப நாயின்ர வாய் பிடிக்கிற பிள்ளை போனில சொல்ல, சேட்டு மாத்துறியள்."

என் வாயில் இருந்து போன சொல்லை எனக்கே திருப்பித் தந்தான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவனும் இருந்தவன்.

"சேட்டு மாத்துறது அவர், தோய்க்கிறது நான்" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

சகலன் அந்தச் சொல்லில் என் மகளையும் சேர்த்துத்தான் அவமதித்தான் என்று எனக்கு அப்போது படவில்லை. என்னைப் பயந்தவன் என்கிறான் என்றுதான் பட்டது. மாடிக்குப் போனேன். அந்தச் சேட்டைப் போடவில்லை. புதிய பாம்பை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வந்தேன். பழையதையும் எடுத்தேன். "இந்தா, இணை" என்று இரண்டையும் தாம்பாளத்தில் விட்டேன்.

தங்கை பூப்போட்டாள். மஞ்சளை முதலில் புதியதற்குத் தடவி, அதே விரலால் பழையதற்கும் தடவினாள். சகலன் படம் எடுத்தான். புதியது பழையதன் மேலே ஏறி, முகத்தோடு முகம் வைத்து மூச்சு விட்டது. தங்கை கும்பிட்டு அழுதாள். அஞ்சு நிமிடம் என்றது அரை மணித்தியாலம் ஆகிவிட்டது.

அவர்கள் போன பிறகு நான் வீடு முழுக்கக் கிருமிநாசினி அடித்தேன். தாம்பாளத்தைக்கூட விடவில்லை. ஒன்றுக்கும் உதவாத வேலை என்று கை செய்யும்போதே தெரிந்தது. பிழையைச் செய்துவிட்டுத் துடைக்கிறவனை நான் எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

அதற்கு மூன்றாம் கிழமை பழைய பாம்பு எலியை மணம் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அடுத்த நாள் தலையை வானத்தைப் பார்க்கிறமாதிரி உயர்த்தி வைத்துக்கொண்டு இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே சளி கிளிக் கிளிக்கென்றது. அந்த ஞாயிறு மகள் கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். அடுத்த ஞாயிறும் நல்லா இருக்கு என்றேன். எடையைக் கேட்டாள். கொப்பியில் பழைய பக்கத்தைப் பார்த்து வாசித்தேன்.

அதற்கு மேல் ஏலவில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே ரெர்மின் எடுத்து, சொன்ன நேரத்துக்குப் போனேன். அந்த அம்மா இரண்டின் வாயிலும் பஞ்சு வைத்து எடுத்து லாபுக்கு அனுப்பினார். ஒரு கிழமையில் பதில் வந்தது; அதற்குள் வந்த ஞாயிறும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன். இரண்டிலும் வைரஸ். புதியதற்கு ஒரு குறியும் இல்லை, எத்தனையோ காலம் இப்படியே இருக்கலாம். பழையது மூச்சுத் திணறியே சாகும், வலியில்லாமல் முடித்து வைப்பது நல்லது என்றார்.

"இரண்டையும் ஒன்றாக விட்டீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் உங்கள் கையில் இருந்துதான் போயிருக்கும். துணி, இடுக்கி, ஏதோ ஒன்று சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை."

முப்பது வருட வேலையை அந்த அம்மா ஒரு வசனத்தில் கழுவி ஊற்றினார்.

மகளுக்கு நானே போன் எடுத்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் நான் எடுத்ததே அவளுக்குப் போதும், "என்ன நடந்தது?" என்றாள். லாப் பதிலைச் சொன்னேன். எந்த லாப் என்று கேட்டாள். பிறகு, "எப்பிடி அப்பா? நீங்கள் எல்லாம் சரியாத்தானே செய்தனீங்கள்?"

அவள் என் வேலையை நம்பினாள். அதுதான் பொறுக்கவில்லை. இடுக்கி மாறிப்போச்சு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் வேலையில் பிழை விட்டவன் என்று என் பிள்ளை நினைக்கக் கூடாது. அதனால் உண்மையைச் சொன்னேன். தாம்பாளம், பால், சகலன் சொன்னது, சொன்ன அதே சொல்லோடு.

"அவர் என்னைப் பற்றிச் சொன்னதுக்கு, நீங்கள் என்ர பாம்பைக் கொண்டுவந்து விட்டனீங்கள்?"

ஓம் என்றேன்.

"எத்தினை கிழமையா வருத்தம்?"

"மூண்டு."

"மூண்டு ஞாயிறு பொய் சொன்னனீங்கள்."

தன் பாம்பைத் தானே கொண்டுபோய் முடித்து வைக்கச் சனிக்கிழமை வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. கார் தெருவோரம் நின்றது, பின்பக்கத்தில் பிளாஸ்ரிக் விரித்திருந்தாள். கையில் கையுறை. கொஞ்சம் மெலிந்திருந்தாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். நான் பழைய பாம்பின் பெட்டியைக் கொண்டுபோனேன்.

"கீழ வையுங்கோ அப்பா. வைச்சிட்டுப் பின்னுக்குப் போங்கோ."

வைத்தேன். இரண்டு அடி பின்னால் போனேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். பாம்பு வாயைத் திறந்துகொண்டு தலையை உயர்த்தியது. அவள் அதற்கு டொச்சில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். எனக்குச் சொல் கேட்கவில்லை.

மனைவி கதவில் இருந்து கூப்பிட்டாள். "பிள்ளை, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன். கட்டில் எல்லாம் விரிச்சு வைச்சிருக்கிறன்."

"ஏலாதம்மா. உடுப்பிலயும் காவும். வேலையில ஆக்களின்ர பாம்புகள் நிக்குது."

"சாப்பாடு கட்டித் தரட்டே?"

"வேண்டாமம்மா."

"மற்றதை என்ன செய்யிறது?" என்று நான் கேட்டேன். உனக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"ஆருக்கும் குடுக்காதேங்கோ. விக்காதேங்கோ. அது சாகுமட்டும் நீங்கள்தான் வைச்சிருக்கோணும். இன்னும் இருபது வருசம் இருக்கும்."

எனக்கு எழுபது வயது. அவளுக்கு அது தெரியும்.

கையுறையைக் கழற்றி ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். அதன் பிறகுதான் கார்க் கதவைத் தொட்டாள். நான் வேலைக்கு எடுத்த நாற்பது பேரில் ஒருவன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். கார் மூலையால் திரும்பிய பிறகுதான் அது எனக்கு வாயில் வந்தது.

மனைவியின் தங்கையின் மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. இணைப் பாம்புக்குப் பால் வைத்த பலன் என்று எல்லோருக்கும் சொல்கிறார்கள். அழைப்பிதழ் வந்தது. நான் போகவில்லை.

மாடி அறைப் பாம்பு நல்லாச் சாப்பிடுகிறது, தோலை ஒரே துண்டாகக் கழற்றுகிறது. எடையைக் கொப்பியில் எழுதுகிறேன். ஞாயிறு பத்து மணிக்கு நான்தான் இப்போது போன் எடுக்கிறேன். மூன்று தரம் அடித்துவிட்டு அவளுடைய பதிவு செய்த குரல் வருகிறது, டொச்சில். எடையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.