சாம்பிராணியும் டிராம் காற்றும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் அந்த இடத்தில் தலைவலிதான் குடியிருந்தது. ஞாயிறு விடிந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். புருவங்களுக்கு நடுவே ஆணி இறங்குவது போல வலிக்கும், குனிந்தால் கன்னத்து எலும்பெல்லாம் கனக்கும். இப்போது சைனஸ் என்கிறார்கள். அன்றைக்குப் பினாங்கில் எங்களுக்கு அது வெறும் நீர்க்கோவை.

ஞாயிறாகப் பார்த்து வந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் கோயில் பாடகர் குழுவில் இருந்தேன். திருநாள் பூசையில் தனியாகப் பாடவேண்டிய மாதா பாட்டு, சிறுமியாக இருந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்ட பாட்டு, அந்த வருஷம்தான் என் கைக்கு வந்திருந்தது. பாட்டுப் பழக்கிய உபதேசியார் சில ஞாயிறுகள் பொறுத்துப் பார்த்தார். 'மாதாவே' என்பது 'பாதாவே' என்று என் வாயிலிருந்து வந்த அன்று ஆர்மோனியத்தை மூடிவிட்டார்.

"திருநாளுக்கு இன்னும் மூணே வாரந்தான் தங்கச்சி. மூக்கு தொறக்கலேன்னா பாட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன். கோவிச்சுக்காதே லா."

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வேன்? மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் நம்மவர்தான். மூக்கைப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை உறிஞ்சிச் சிந்தச் சொன்னார்.

"வீட்டுல பொகை உண்டா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு சுருட்டையே தொடமாட்டாரு. சமையலும் வெறகில்ல, கரி அடுப்புலதான்," என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

எண்ணெய்க் குளியலுக்குப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வழக்கம். எங்கள் வேதத்தில் அது இறைச்சியும் சுகமும் விலக்கும் ஒறுத்தல் நாள் என்பதால் நான் சனிக்கிழமை தலை முழுகுவேன். முழங்காலைத் தொடும் கூந்தல் பினாங்குப் புழுக்கத்தில் லேசில் காயாது. தணலில் சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மீது கூந்தலைப் பரப்பிக்கொண்டு கவிழ்ந்திருப்பேன். கண்ணில் தண்ணீர் கொட்டும். நீர்க்கோவை இறங்குகிறது என்று சந்தோஷப்படுவேன். வலி கூடினால் சாம்பிராணியையும் ஒரு பிடி கூட்டுவேன்.

அந்தச் சனிக்கிழமை டப்பா காலி. ஈரத்தலையை முடிந்துகொண்டு சூலியா தெருவுக்கு ஓடினேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"சுமத்ராவுலேர்ந்து கப்பல் வரலம்மா. அடுத்த வாரம் வாங்க, மொதல் தரமா எடுத்து வைக்கிறேன்."

கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் அரைநாள் வேலை முடிந்து வந்தபோது, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தல காயலேன்னா காத்து காயவைக்காதா? கெளம்பு, டிராம்ல ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

"தலய விரிச்சுப் போட்டுக்கிட்டா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போவுது."

திறந்த டிராமில் ஆயர் ஈத்தாம் வரைக்கும் போனோம். முக்காடு தோளில் நழுவ, கூந்தல் பின்னால் உட்கார்ந்திருந்த சீனத் தாத்தாவின் முகத்தில் அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே வேறு இடத்துக்கு மாறினார். கூச்சத்தில் முதலில் குனிந்தே இருந்தேன். பாதி வழியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது முடி நன்றாகக் காய்ந்திருந்தது.

மறுநாள் தலைவலி வரவில்லை. உப்புத் தண்ணீர் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் கப்பல் வந்தது, முதல் தரமும் வந்தது. விட்டதற்கும் சேர்த்துச் சாம்பிராணி போட்டேன். ஞாயிறு காலை வலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. உபதேசியார் இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு என் பாட்டைப் பாடவைத்தார். நன்றாகத்தான் பாடினாள். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

அழுது மூக்கைச் சிந்தியபோதுதான் மூலையிலிருந்த, சாம்பிராணி போடும் தூபக்கால் கண்ணில் பட்டது. வீட்டில் புகை உண்டா என்று டிரெசர் கேட்டாரே! இத்தனை நாளும் நான் அதைப் புகை என்று எண்ணியதே இல்லை. அது மருந்து, அது கோயில் வாசனை. அழுகைக்கு நடுவிலேயே நான் சிரித்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துபோனார்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா தணலோடு வந்து நின்றார்.

"நாளைக்குப் பாட்ட வெச்சிக்கிட்டு ஈரத்தலையோட இருப்பியா? பைத்தியமா உனக்கு?"

எனக்கும் பயம்தான். தப்பாகிப் போனால் பாட்டு போயிற்று. ஆனாலும் டிராம் ஏறினேன். இந்த முறை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்.

விடிந்ததும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போய் வந்தது. பூசைக்கு முன் உபதேசியார் ஒரே ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, தயாராக நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து, "அடுத்த வருஷம் ஒனக்குத்தாம்மா," என்றார். பாடகர்கள் நிற்கும் பின்பக்க மேல்மாடத்துக்குத் தூபப் புகை ஏறி வரும் என்று தெரிந்ததால், நான் சன்னலோரமாக இடம் பிடித்துக்கொண்டேன்.

'மாதாவே' என்று எடுத்தேன். மாதாவே என்றே வந்தது.

பூசை நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்ப்பது பாவம் என்று எல்லோரையும் அதட்டுகிறவர் என் வீட்டுக்காரர். கீழே ஆண்கள் வரிசையில் அன்று ஒரே ஒரு தலைதான் திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தது. பாட்டு முடிகிறவரை அது பீடத்தின் பக்கம் திரும்பவே இல்லை.