கல்லறைச் செவுத்துல ஒத்த ஓட்டை

எங்க பெரியப்பா கட்டுன செவுரு மழையில சரிஞ்சதா ஒரு பேச்சு கெடையாது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துல மண்ணைத் தாங்கி நிக்கிற கல்லுக்கட்டுல முக்காவாசி அவரு கை பட்டதுதான். சாந்து வைக்க மாட்டாரு. கல்லைக் கல்லு புடிச்சுக்கிரும். ஊடால ஊடால கை நொழையிற மாதிரி ஓட்டை விட்டுருவாரு. மண்ணுக்குள்ள மழைத்தண்ணி நின்னா செவுத்தைத் தள்ளிப்புடும், அது வெளியேற வழி விடணும்பாரு.

கொடைக்கானலுக்கு வருசா வருசம் சீசனுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரி வருவாரு. தரங்கம்பாடிங்கிற கடக்கரை ஊருல கோயில் நடத்துறவரு. நாங்க தொரைன்னுதான் கூப்புடுவோம். தமிழ் நம்மளவிடச் சுத்தமாப் பேசுவாரு. அவரு தங்குற பங்களாவுக்குப் பின்னாடி பெரியப்பா கட்டுன கட்டைப் பாத்துட்டு, எங்க ஊருல கல்லறைத் தோட்டத்துச் செவுரு கடல் பக்கமா விழுந்து கெடக்கு, ஐப்பசி மழைக்கு முந்திக் கட்டித் தரணும்னு கேட்டாரு. பெரியப்பா வாக்குக் குடுத்துட்டாரு. கடலைப் பாத்ததே இல்லாத மனுசன். நானும் வாரேன்னு மூணு நாளு சோறு திங்காமக் கெடந்தேன். பெரியம்மா ஒளிச்சுக் குடுத்த பணியாரத்தைச் சோத்துல சேக்கக் கூடாது.

கொடைரோட்டுல ரயில் ஏறி, மாறி மாறிப் போய்ச் சேந்தோம். ஊருக்கே ஒரு வாசக்கதவு இருந்துச்சு, அதுதான் மொத அதிசயம். உள்ள ஒரே நேர்தெரு, அதுல எதுத்தாப்புல எதுத்தாப்புல ரெண்டு மாதாக்கோயில். இப்புடி வச்சா கும்புடுறவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு கேட்டேன். பெரியப்பா காதுல வாங்கல, கோயில் செவுத்தைத் தடவிக்கிட்டு நின்னாரு. கடலோ, பாக்கிறதுக்கு முந்தியே சத்தம் வந்துருச்சு. எங்க மலையில காலம்பற பள்ளம் பூராவும் மூட்டம் நெறைஞ்சு கெடக்கும், கடலும் அது மாதிரி சும்மா கெடக்கும்னுதான் நெனைச்சிருந்தேன்.

கடல் ஓரத்துல ஒரு கோட்டை. மேல ஏறிப் பாத்தா, மதில்ல வரிசையா ஓட்டை. நான் உள்ள உக்காந்து காலை நீட்டுற அளவு பெருசு. கீழ மணல்ல ஒரு பீரங்கி துருப்புடிச்சுக் கெடந்துச்சு. அதுக்கும் இதுக்கும் உறவு இருக்குன்னு எங்களுக்கு யாரு சொன்னா? பெரியப்பா மொகத்துல அப்புடி ஒரு சந்தோசம்.

"ஏலே, பாத்தியா! அந்தக் காலத்துக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு. இம்புட்டுப் பெரிய ஓட்டை விட்டுருக்கான்னா இங்க மழை எம்புட்டுப் பெருசா இருக்கும்!"

தொரை அப்ப கிராமம் கிராமமாச் சுத்தப் போயிட்டாரு. உள்ளூருக் கொத்தனாருங்க, நம்ம ஊருல ஆளு இல்லைன்னு மலையில இருந்து எறக்கியிருக்காகன்னு வேடிக்கை பாத்தாங்க. பெரியப்பா ரோசத்துல வெரசாக் கட்டி முடிச்சாரு. பத்து ஓட்டை, ஒவ்வொண்ணும் ஒரு ஆட்டுக்குட்டி நொழையலாம்.

அமாவாசை அன்னைக்கு வெள்ளனே போய்ப் பாத்தா, கல்லறைக்கு மேல நண்டு ஓடுது. ஓட்டை வழியாக் கடலு உள்ள வந்து நொரையாக் கெடக்கு.

கோயில்ல மணியடிக்கிற கிழவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஏன்யா மலையாளு, கோட்டையில இருக்கிறது பீரங்கி நீட்டுற ஓட்டைய்யா! செத்தவங்க கடல் பாக்கணும்னு சன்னல் வச்சியா?"

கொத்தனாருங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கெடக்கு. பெரியப்பா ரெண்டு நாளு யாரு மொகத்தையும் பாக்கல. இனி மலையில எந்த மூஞ்சிய வச்சுக் கல்லு தூக்குவேன்னு என்கிட்டப் போய்க் கேக்காரு. எனக்கு அப்ப ஏழெட்டு வயசு இருக்கும்.

தொரை வந்தாரு. சிரிக்கவுமில்ல, வையவுமில்ல. ஒவ்வொரு ஓட்டையாக் குனிஞ்சு பாத்தாரு. கையளவுக்கு வச்சுட்டு மிச்சத்தை அடைச்சிருங்கன்னாரு. ஒம்பதையும் அடைச்சோம். மேட்டுப் பக்கம், கடல் ஏறாத எடத்துல இருந்த கடைசி ஓட்டைக்கு வரவும், தொரை பெரியப்பா கையைப் புடிச்சுக்கிட்டாரு.

"இது இப்படியே இருக்கட்டுங்க."

அதுக்கு நேரா ஒரு சின்னக் கல்லறை. பக்கத்துல படுத்துப் பாத்தேன், சரியா என் நீளம். மேல என்னமோ எழுதியிருந்துச்சு, எனக்கு எழுத்துத் தெரியாது.

அன்னையில இருந்து சாயங்காலம் ஆனா தொரை அங்க வந்து, அந்தச் சின்னக் கல்லறை மேல ஒரு கையை வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துக்குவாரு. ஓட்டை வழியாக் கடலைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. என்னத்தைப் பாக்காருன்னு பெரியப்பாவைக் கேட்டேன். அவரு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டு, தண்ணி வருதான்னு பாக்காரு, நீ சும்மா கெடன்னாரு.

எனக்குப் பெரியப்பா மானம் பெருசு. நாங்க ஊரு திரும்புற வரைக்கும் தெனமும் தொரைக்கு முந்தி ஓடிப்போய் அந்த ஓட்டைக்குள்ள கையை விட்டுத் துழாவிப் பாப்பேன். அவரு வரவும், "தொரை, ஒரு சொட்டுத் தண்ணி வரலைங்க, தைரியமா வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லுவேன். அவரு என்னையே ரொம்ப நேரம் பாப்பாரு. சரி தம்பின்னு தலையைத் தடவிட்டு, மறுபடியும் அங்கனயே உக்காந்துக்குவாரு.

இம்புட்டுச் சொல்லியும் இந்த மனுசனுக்கு நம்ம மேல நம்பிக்கை வரலையேன்னு எனக்குக் கோவம் கோவமா வரும்.