இடது பக்கம் கம்மியாகக் கேட்குது

1. மூன்றாவது தடவை

ஒரே மாடல் ஹெட்போனை ஒரே ஆள் மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்தால் கடைக்காரனுக்கு இரண்டு எண்ணம்தான் வரும். பீஸ் கோளாறு, இல்லாவிட்டால் ஆள் கோளாறு. சாந்தா என்கிற அந்த அம்மா மூன்றாவது தடவை என் கவுண்டரில் வந்து நின்றபோது எனக்கு இரண்டாவது எண்ணம்தான் வந்தது.

நான் சுடலைமுத்து. புனே கேம்ப்பில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆடியோ கவுண்டர் பார்த்தவன். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். கடையில் எல்லாருக்கும் நான் ‘முத்து பாவ்’, மராத்தியில் முத்து அண்ணன். அப்பா கட்கி தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், நான் பிறந்ததே இங்கேதான். ஹெட்போன் கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த மாடலில் என்ன சிப் என்பதெல்லாம் நெட்டில் கிடைக்கும். இது கிடைக்காது.

சாந்தாவுக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும். தாபோடிக்காரர். கண்ணாடி, கொண்டை, கொண்டையில் ஒரு முழம் பூ. எட்டு மாதத்துக்கு முன்னால் என்னிடம்தான் பட்ஸ் வாங்கினார். அதற்குப் பிறகு இரண்டு தடவை, “இடது பக்கம் கம்மியா கேக்குது” என்று வந்தார். இரண்டு தடவையும் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எம்மா, ரெண்டு பக்கமும் ஒண்ணா கேக்குது. நானே போட்டுப் பார்த்துட்டேன். மாசத்துக்கு ஒரு புது பீஸ் வேணும்னா நேரா சொல்லுங்களேன்.”

பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அண்ணே, பொய் சொல்றதுக்கா ரெண்டு பஸ் மாறி வாரேன்? என் பொழப்பே காதுலதான் இருக்கு. அது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. எட்டு மாதத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

2. காதால் பிழைக்கிறவர்

அவர் வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். இப்போது முதல் பிரதியை மெஷினே அடித்துவிடுகிறதாம். அது சரியா என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவது இவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து, மூன்று நாள் கராடி ஆபீஸில்.

காதில் விழாத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது, கோடு போட்டு விட்டுவிட வேண்டும். அதை ‘ப்ளாங்க்’ என்கிறார்கள். கோடு கூடினால் மார்க் குறையும். சாந்தாவுக்கு மூன்று மாதமாகக் கோடு கூடிக்கொண்டே போயிருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று டீம் லீட் சொல்லிவிட்டாளாம். வீட்டுக்காரருக்கு ஸ்திரமான வருமானம் கிடையாது. மகள் டிப்ளமோ கடைசி வருஷம்.

“இடது பக்கம் சரியா கேட்டுட்டா எல்லாம் சரியாயிடும்ணே. நல்ல பீஸா ஒண்ணு பார்த்துக் குடுங்க.”

என் தொழிலில் ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு பக்கம் சத்தம் குறைகிறது என்று யாராவது சொன்னால், ஹெட்போனைத் திருப்பி, இடதை வலதிலும் வலதை இடதிலும் போடச் சொல்ல வேண்டும். குறைச்சல் பக்கம் மாறினால் ஹெட்போன் கெட்டது. மாறாவிட்டால் வேறு விஷயம். முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம் இது. ஆனால் பட்ஸை அப்படி மாற்றிப் போட முடியாது, காதில் நிற்காது. அதனால் இரண்டு தடவையும் நான் அந்தச் சோதனையையே விட்டுவிட்டேன். டெமோ ராக்கில் பெரிய ஹெட்போன் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. எடுத்து மாட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. புத்தி எங்கே புல் மேய்ந்ததோ!

அன்று எடுத்தேன். கண்ணாடி ரூமில் உட்காரவைத்து, டாக்டர் பேசும் பதிவு ஒன்றை அவர் போனிலேயே போடச் சொல்லி, ஹெட்போனை மாட்டினேன்.

“எந்தப் பக்கம் கம்மி?”

“இடது.”

கழற்றித் திருப்பி மாட்டினேன்.

“இப்போ?”

“இடதுதாண்ணே. பார்த்தீங்களா, இதுவும் கெட்டுப்போச்சு!”

குறைச்சல் பக்கம் மாறவில்லை. கெட்டது ஹெட்போன் இல்லை, காது. அவருக்கு இன்னும் புரியவில்லை.

“ராத்திரி படுத்தா காதுல ஏதாவது சத்தம் கேக்குதாம்மா?”

“கொய்ங்னு ஒரு சத்தம். ஃபேன் பழசாயிடுச்சு, அதான்.”

3. சேட் சொன்னது

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சேட் மோசமான ஆள் இல்லை. ஆனால் வியாபாரி. அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“அரே முத்து, நீ என்ன டாக்டரா? காதுன்னு வாயத் திறந்தா, உன் பீஸாலதான் போச்சுன்னு வந்து நிப்பாங்க. இன்னொரு பீஸ் குடுத்து அனுப்பு. கிஸ்ஸா கதம், கதை முடிஞ்சுது.”

அவர் சொன்னதில் பாதி என்னைக் குத்தியது. உன் பீஸாலதான் போச்சு. அப்போதுதான் எட்டு மாதத்துக்கு முன் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது.

அன்று சாந்தா சொன்னது: “காதுக்குள்ள அடைக்காம, வலிக்காம ஒண்ணு குடுங்கண்ணே. ரொம்ப நேரம் போட்டுக்கணும்.” நான் கேட்டது: “என்ன கலரும்மா?” ரப்பர் டிப் இல்லாத ஓப்பன் ஃபிட் பட்ஸை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி ரூமில் போட்டுக் காட்டினேன். எங்கள் கடையில் எல்லாருக்கும் அங்கேதான் டெமோ. கதவைச் சாத்தினால் ரோடு சத்தம் வராது, எந்தக் குப்பை ஹெட்போனும் அதற்குள் நன்றாகத்தான் கேட்கும். அவருக்கும் பிடித்தது. வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் அது சரிதான். ஆபீஸ் போகிற பஸ்ஸில் என்ன ஆகும்? டிப் இல்லாத பட்ஸ் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. எஞ்சின், ஹாரன், கண்டக்டர் கத்தல் எல்லாம் உள்ளே வரும். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் வால்யூமை ஏற்றத்தான் வேண்டும். பதிலுக்குப் பதில் சந்தையில் கத்துவது மாதிரிதான். சாந்தாவிடம் போனை வாங்கிப் பார்த்தேன். வால்யூம் கோடு கடைசிவரை போயிருந்தது.

“பஸ்ல எப்பவும் இப்படித்தான் வைப்பீங்களா?”

“பின்ன? இல்லன்னா ஒண்ணும் கேக்காதே. ஜன்னல் பக்கம் உக்காந்தா ஃபுல்தான்.”

அவர் வழக்கமாக உட்காருவது இடது ஜன்னலை ஒட்டிய சீட். அங்கே இடது காதில் ரோடு சத்தம் அதிகம் என்று அந்தப் பக்க பட்ஸை அழுத்திப் பிடித்துக்கொள்வாராம். அதனால்தான் இடது காதுக்கு அடி அதிகம். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி.

சேட் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் சாந்தாவிடம் சொன்னேன்: “எம்மா, பீஸ் நல்லா இருக்கு. காதைக் காட்டணும். நாளைக்கே போங்க. தள்ளிப் போடாதீங்க.” என்னால்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பயம், வேறென்ன?

4. பஸ்ஸில் டெமோ

இரண்டு வாரம் கழித்து வந்தார். இடது காதில் கீச்சென்ற உச்சஸ்தாயிச் சத்தங்களைக் கேட்கும் திறன் கொஞ்சம் போய்விட்டது, திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். சொல்லும்போது அழவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கோடுகளின் எண்ணிக்கையைக் காட்டினார். கெடுவில் ஒன்றரை மாதம்தான் பாக்கி.

“வீட்டுக்கு ஒண்ணு, பஸ்ஸுக்கு ஒண்ணு வேணும்ணே. பஸ்ல கேக்கறத விட்டுட முடியாதா என்னால? முடியும். ஆனா அந்த ரெண்டரை மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கற நேரம். அதையும் விட்டா நான் எதுக்கு இருக்கேன்?”

வீட்டுக்கு எது என்பதில் குழப்பமில்லை. வயர் உள்ள, பின்பக்கம் வலை மாதிரித் திறந்த, எடை குறைந்த ஓப்பன் பேக் ஹெட்போன். காதை இறுக்காது, வேர்க்காது. காலிங் பெல், குக்கர் விசில் எல்லாம் கேட்கும். வீடு அமைதியாக இருந்தால் கால்வாசி வால்யூமே போதும். சார்ஜ் தீர்ந்து பாதி டிக்டேஷனில் நிற்காது.

பஸ்ஸுக்கு எது என்று கண்ணாடி ரூமில் உட்கார்ந்து சொல்ல எனக்கு இனி மனசு வரவில்லை. “என் லீவு நாள்ல உங்ககூட பஸ்ல வாரேன்” என்றேன். சேட்டிடம் டெமோ பீஸ் மூன்று கேட்டபோது, “பாகல் ஆயிட்டியா, பைத்தியமா உனக்கு?” என்றார். ஆனாலும் கொடுத்தார்.

காலைக் கூட்டத்தில் தாபோடியில் ஏறினோம். நான் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் போட்டுப் பார்க்க, கண்டக்டர் வந்துவிட்டார். “அஹோ, பஸ்மத்யே விகாய்ச்சே நாஹி!” பஸ்ஸில் விற்கக் கூடாதாம். விற்கவில்லை, டாக்டர் சொல்லி டெஸ்ட் செய்கிறோம் என்று மராத்தியில் விளக்கினேன். பின் சீட்டுக்காரர் தானும் ஒன்று போட்டுப் பார்க்கட்டுமா என்றார்.

நான் போட்ட சட்டம் ஒன்றுதான். வால்யூம் பாதியைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் பாட்டின் வரி புரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் நாய்ஸ் கேன்சலிங் உள்ள, காதையே மூடும் பெரிய ஓவர் இயர். ஸ்விட்ச் போட்டதும் எஞ்சின் உறுமல் அடங்கியது. “அய்யோ, பஸ் நின்னுடுச்சான்னு பார்த்தேன்!” என்றார். ஆனால் பத்து நிமிஷத்தில் கண்ணாடிக் கம்பி நெற்றிப்பொட்டில் அழுந்தியது. மேல் பட்டை பூவை நசுக்கியது. கடையில் பூ வைத்த தலையில் மாட்டிப் பார்த்திருக்கிறேனா நான்? இரண்டாவது, விலை குறைந்த மூடிய மாடல். கண்ணாடிக் கம்பி வழியே சத்தம் கசிந்தது, வால்யூம் பாதியைத் தாண்டியது. சட்டப்படி அது அவுட்.

மூன்றாவது, சிலிக்கான் டிப் உள்ள பட்ஸ், நாய்ஸ் கேன்சலிங்கோடு. வலது நன்றாக அடைத்தது, இடதில் நிற்கவில்லை. டிப்பை மாற்றினேன். அவருக்கு வலதுக்கு மீடியம், இடதுக்கு ஸ்மால். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று யார் சொன்னது? சரியாக அடைத்ததும் எஞ்சின் சத்தம் போய்விட்டது. ஹாரன் மட்டும் லேசாகக் கேட்டது, அது கேட்கத்தான் வேண்டும். வால்யூமை அவரே குறைத்தார். பாதிக்கும் கீழே வந்து நின்றார்.

“வரி புரியுதா?”

“மூச்சு வாங்கறதுகூடப் புரியுதுண்ணே.”

இறங்கும்போதே கழற்றிவிட வேண்டும், ரோட்டில் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். அன்றிலிருந்து என் கவுண்டரில் வண்டி, பஸ், கேப் என்று யார் சொன்னாலும் டெமோ கடை வாசலில், ரோட்டைப் பார்த்து நின்றுதான். சேட் முணுமுணுத்தார், பிறகு பழகிக்கொண்டார்.

5. ஆறு மாதம்

ஆறு மாதம் கழித்து சாந்தா வந்தார். டிப் தேய்ந்திருந்தது, மாற்ற வேண்டும். வேலை என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவரே சொன்னார்.

“கோடு குறைஞ்சிருக்குண்ணே. பழைய அளவுக்கு வரல. இனிமே வராது. ஆனா வேலை கையில இருக்கு. அந்தக் கொய்ங் சத்தமும் இருக்கு. சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

சேட் வெளியே போயிருந்தார். இதுதான் சமயம் என்று தோன்றியது.

“எம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முதல் நாள் நான் குடுத்த பீஸ் பஸ்ஸுக்கு ஆகாதது. எங்க போட்டுக்கப் போறீங்கன்னு கேட்டிருந்தாலே குடுத்திருக்க மாட்டேன். கேக்கல. உங்க காது போனதுல என் பங்கு இருக்கு. மன்னிச்சுக்கோங்க.”

“தெரியும்ணே” என்றார்.

“தெரியுமா?”

“டாக்டரம்மா அன்னைக்கே கேட்டாங்க, இத பஸ்ஸுக்கு யாரு எடுத்துக் குடுத்தான்னு. நானா வாங்கினேன்னு சொல்லிட்டேன்.”

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“வால்யூமை ஏத்துன கை என் கைதானே. உங்க பங்க நீங்களா சொல்றீங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.” டிப் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “ஆறு மாசம் எடுத்துக்கிட்டீங்க.”

கவுண்டருக்கு வருகிறவர்களே, எங்கே போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், கலரைப் பிறகு பார்க்கலாம். அப்படியும் தப்பாக விற்றுவிட்டால் வாங்கினவரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். என்னைப் போல் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.